ஐம்பது பைட்டுகளும் பதினொரு மணி நேரக் குரலும்

திருமலைக்கு நடந்து ஏறுவோர் முதற்படியில் கற்பூரம் ஏற்றித் தொடங்கும் இடம் அலிபிரி. இங்கிருந்து மேலே சுமார் 3,550 படிகள். வண்டியில் செல்வோருக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு: 1944-இல் திறக்கப்பட்ட பழைய பாதை இறங்குவதற்கு; 1974-இல் வந்த புதிய பாதை ஏறுவதற்கு. நடப்பவர்கள் தங்கள் மூட்டைகளை அடிவாரத்திலேயே ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறலாம். மூட்டை வேறு வழியில் சென்று மேலே காத்திருக்கும். 2023-ஆம் ஆண்டுக் கோடையில் இந்த அடிவாரத்திற்கு அருகே வாடகை அறையொன்றில் மொழியியல் ஆய்வு மாணவி ஒருவர் தங்கியிருந்தார். அந்தக் கோடையில் அவருக்கு நேர்ந்தது, கணினிக் கொத்துகளை அமைக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கும் ஒருசேரப் பயன்படும் என்பதால் இங்கே எழுதப்படுகிறது.

அவருடைய ஆய்வுப் பொருள் எல்லைத் தமிழ். சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனோடு சென்றது. படாஸ்கர் பரிந்துரையை ஒட்டி 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்திற்கு வந்தது; நகரி, புத்தூர்ப் பகுதிகள் ஆந்திரத்திலேயே நின்றன. கோடு நகர்ந்தாலும் வீட்டுக்குள் பேசும் மொழி அவ்வளவு விரைவில் நகர்வதில்லை. நகரியின் நெசவாளர் தெருக்களில் இன்றும் தமிழ் கேட்கிறது. அதன் வினைமுற்றுகள் வடாற்காட்டைச் சேர்ந்தவை. கடைச் சொற்களும் பள்ளிச் சொற்களும் அலுவலகச் சொற்களும் தெலுங்கு. ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மொழிகளும் எந்த இடத்தில் மாறுகின்றன என்பதே மாணவியின் கேள்வி.

ஓராண்டுக் களப்பணியில் ஏறத்தாழ தொண்ணூறு மணி நேர ஒலிப்பதிவு சேர்ந்திருந்தது. அதில் பதினொரு மணி நேரம் ஒரே ஒருவருடையது. நகரியில் தறி வீடு ஒன்றில் வாழ்ந்த மூதாட்டி அவர். மாணவி அவரை ஆயா என்றே அழைத்தார். நான்கு முறை சென்று பதிவு செய்தார். ஆயா தறியைப் பற்றிப் பேசினார், திருமணத்தைப் பற்றிப் பேசினார், சிறுமியாக இருந்தபோது ஊர்க்கூட்டத்தோடு நடந்து வந்து மலையேறியதைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு முறையும் விடைபெறும்போது ஒரே கேள்வியைக் கேட்டார்: "இதெல்லாம் எழுதி எடுத்துனு வருவியாம்மா?" எடுத்து வருகிறேன் ஆயா என்று மாணவி ஒவ்வொரு முறையும் சொன்னார்.

ஒரு மணி நேரப் பேச்சைக் காதால் கேட்டு எழுத்தாக்க ஒரு முழு நாள் போதாது என்பது இந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும். ஆகவே முதல் படியைப் பேச்சறி நிரலிடம் ஒப்படைத்து, பிழைகளைக் கையால் திருத்துவது என்று மாணவி முடிவு செய்தார். 2022 செப்டம்பரில் வெளியான விஸ்பர் என்னும் நிரல் தமிழையும் தெலுங்கையும் அறியும். ஆய்வகத்தில் மூன்று பழைய கணினிகள் விடுமுறையில் சும்மா கிடந்தன. வகுப்புகள் தொடங்கும்வரை பயன்படுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. முதற்கணினியின் வட்டில் ஒலிக்கோப்புகள் இருக்கும். மற்ற இரண்டும் துண்டு துண்டாக வாங்கி எழுத்தாக்கித் திருப்பி அனுப்பும். ஒலியைத் துண்டாக்கும் நிரலுக்கும் பேச்சறி நிரலுக்கும் எழுத்தைப் பிரிக்கும் நிரலுக்கும் வெவ்வேறு பதிப்பு நூலகங்கள் தேவைப்பட்டன; ஒன்றுக்கு ஏற்றது மற்றொன்றைக் கெடுத்தது. அதனால் ஒவ்வொன்றும் தனித்தனிக் கன்டெய்னருக்குள் சென்றது. கன்டெய்னர்களை மூன்று கணினிகளிலும் பரப்பி மேய்க்க, கூகுள் 2014-இல் வெளியிட்ட குபர்நெட்டிஸ்.

கன்டெய்னர் என்பது தனிக் கணினி அன்று. லினக்ஸ் கெர்னல் ஒரு நிரலுக்குத் தனி உலகம் இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது: தனிக் கோப்புகள், தனிச் செயல்பட்டியல், தனி வலைமுகம். தனி வலைமுகம் கொண்ட ஒன்றுக்கு வெளியே போக வழி வேண்டும். அதற்காகக் கெர்னல் இரண்டு முனைகள் கொண்ட ஒரு கற்பனைக் கம்பியைச் செய்கிறது. ஒரு முனை கன்டெய்னருக்குள் இருக்கும். மறுமுனை வெளியே பிரிட்ஜ் என்னும் மென்பொருட்பெட்டியில் செருகப்படும். பாலம் என்று நேராக மொழிபெயர்த்தால் இரண்டு கரைகள் மட்டுமே நினைவுக்கு வரும். இதற்கோ எத்தனை வாயில்களும் இருக்கலாம். பல தெருக்கள் கூடும் முச்சந்தி என்பது இன்னும் பொருந்தும்.

இந்தப் பிரிட்ஜுக்கு யாரும் முகவரிப் பட்டியல் கொடுப்பதில்லை. அது கேட்டுக் கற்றுக்கொள்கிறது. ஒரு வாயில் வழியே செய்தி வந்தால், அனுப்பியவரின் வன்பொருள் முகவரியைப் பார்த்து, இவர் இந்தப் பக்கம் இருக்கிறார் என்று குறித்துக்கொள்கிறது. பெறுபவரைத் தெரியாவிட்டால், வந்த வாயிலைத் தவிர மற்ற எல்லா வாயில்களிலும் செய்தியைக் கொட்டுகிறது. பதில் வரும்போது அவரையும் தெரிந்துகொள்கிறது. ஐந்து நிமிடம் ஒருவரிடமிருந்து சத்தமே இல்லையென்றால் அவருடைய குறிப்பை அழித்துவிடுகிறது. களப்பணிக்குப் புது ஊருக்குள் நுழைந்தவர் யார் எந்த வீடு என்று தெரிந்துகொள்வதும் ஏறத்தாழ இப்படித்தான்.

முதல் இடறல் முகவரியில் வந்தது. 2013-இல் வெளியான டாக்கர், தான் நிறுவப்படும் ஒவ்வொரு கணினியிலும் ஒரே பெயரில் ஒரு பிரிட்ஜைக் கட்டி, அதற்கு 172.17.0.1 என்னும் ஒரே எண்ணைத் தருகிறது. முதற்கணினியில் பிறக்கும் முதற் கன்டெய்னர் 172.17.0.2, இரண்டாங்கணினியில் பிறப்பதும் 172.17.0.2. ஒவ்வொரு கணினியும் தனித்து வாழும்வரை இதில் குற்றமில்லை. கன்டெய்னர் வெளியே பேசும்போது கணினி தன் முகவரியை முன்னே ஒட்டி அனுப்பிவிடும். ஒரு கணினியின் கன்டெய்னர் மற்றொரு கணினியின் கன்டெய்னரைத் தேடும்போதுதான் எல்லா ஊர்களிலும் முதல் வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் என்பது தெரியவரும். குபர்நெட்டிஸ் இதை ஏற்பதில்லை. கொத்து முழுவதிலும் ஒவ்வொரு கன்டெய்னர்க் குழுவுக்கும் வேறுபட்ட முகவரி வேண்டும், இடையில் முகவரி மாற்றமின்றி ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை.

மாணவி பிரிட்ஜ்களைத் தாமே அமைக்கத் தொடங்கினார். 10.244.0, 10.244.1, 10.244.2 என்று கணினிக்கொரு முகவரித்தொகுதி ஒதுக்கி, மூன்றிலும் அமைப்புக் கோப்பொன்றைக் கையால் எழுதி வைத்தார். கோப்பின் பெயர் 05 என்று தொடங்கியது. பின்னர் மூன்று பிரிட்ஜ்களையும் ஒரே பிரிட்ஜாக்கிவிடலாமே என்று, ஓர் இரவு அறையிலிருந்தபடியே, இரண்டாங்கணினியின் வலையட்டையைப் பிரிட்ஜில் செருகும் கட்டளையைக் கொடுத்தார். அந்த நொடியே திரை உறைந்தது. வலையட்டை ஒரு பிரிட்ஜின் வாயிலாகிவிட்டால் அதற்கெனத் தனி முகவரி பயன்படாது. முகவரியைப் பிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்பே அவர் தாம் நின்றிருந்த கிளையை வெட்டிவிட்டார். விடிந்ததும் ஆட்டோ பிடித்து ஆய்வகம் சென்று, விசைப்பலகையை நேரே கணினியில் செருகிச் சரிசெய்தார். ஆய்வகப் பணியாளர் அதைப் பார்த்துச் சிரித்தாரே ஒழிய ஒன்றும் சொல்லவில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, சித்தூர்த் தமிழும் சரளமாகப் பேசும் மனிதர் அவர். மாணவி அவரை அண்ணா என்று அழைப்பார்.

எல்லாவற்றையும் ஒரே பிரிட்ஜில் சேர்ப்பது வேறு விதத்திலும் ஆபத்தானது. தெரியாத முகவரிக்கு வரும் செய்தியை எங்கும் கொட்டுவது பிரிட்ஜின் இயல்பு. இணைப்புகளுக்குள் எங்கேனும் ஒரு வளையம் விழுந்துவிட்டால் அதே செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி வலையையே நிறைத்துவிடும். 1985-இல் ரேடியா பெர்ல்மன் இதற்கெனவே ஒரு நெறிமுறை வகுத்தார். வளையங்களை அறுத்து இணைப்புகளை மரவடிவமாக்கும் அந்த நெறிமுறை 1990-இல் தரநிலையும் ஆயிற்று. கன்டெய்னர்க் கொத்துகளில் பெரும்பாலும் வேறு வழியே கைக்கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பிரிட்ஜ் இருக்கும். கணினிகளுக்கிடையே செய்தியை மற்றொரு செய்திக்குள் வைத்து அனுப்புவார்கள். இந்த உறையிடலுக்கு வி.எக்ஸ்.லேன் என்று பெயர். 2014 ஆகஸ்டில் இதன் விவரணை வெளியானது. இதை அமைத்துத் தரும் எளிய கருவிகளுள் ஒன்று ஃபிளானல். மாணவி ஃபிளானலை நிறுவினார். மூன்று கணினிகளுக்கிடையிலும் பிங் பறந்தது.

இரண்டாம் இடறல் விசித்திரமானது. ஒலித்துண்டுகளை வழங்கும் சேவைக்குக் குபர்நெட்டிஸ் ஒரு பொதுமுகவரி தந்திருந்தது. பக்கத்துக் கணினியில் இருப்பவர்கள் அந்த முகவரியில் கேட்டால் பதில் வந்தது. அதே கணினியில், அதே பிரிட்ஜில் இருப்பவர் கேட்டால் வரவில்லை. காரணம் பின்னர் தெரிந்தது. கேள்வி பொதுமுகவரிக்குப் போகும் வழியில், ஐபிடேபிள்ஸ் விதிகள் அதை உண்மை முகவரிக்குத் திருப்பிவிடுகின்றன. பதில் அதே வாயில் வழியே திரும்பினால் முகவரி மறுபடி மாற்றப்படும். இருவரும் ஒரே பிரிட்ஜில் இருந்தால் பதில் அந்த வாயிலுக்குப் போவதே இல்லை. பிரிட்ஜுக்குள்ளேயே குறுக்கே வந்துவிடுகிறது. கேட்டவரோ ஒரு வீட்டில் கேட்டதற்கு வேறொரு வீட்டிலிருந்து விடை வருகிறதே என்று அதை ஏற்க மறுக்கிறார். மலையில் ஏறும் பாதை ஒன்றும் இறங்கும் பாதை ஒன்றுமாக இருப்பது நல்லது. முகவரி மாற்றப்படும் இடத்திலோ போன வழியே திரும்ப வேண்டும். பிரிட்ஜுக்குள் செல்லும் செய்திகளையும் ஐபிடேபிள்ஸ் பார்க்கட்டும் என்று சொல்லும் கெர்னல் கூறு ஒன்று உண்டு. அதை ஏற்றி, அதற்குரிய அமைப்பை 1 என்று மாற்றியதும் இது தீர்ந்தது.

மூன்றாம் இடறல் தீரவில்லை. கணினிகளுக்கிடையே சிறு செய்திகள் போயின, தொடர்பு உருவாயிற்று, கோப்பின் பெயரும் அளவும் கேட்டால் வந்தன. ஒலிக்கோப்பைக் கேட்டால் மட்டும் எதுவும் வரவில்லை. பிழைச்செய்தியும் இல்லை. தொடர்பு அறுபடாமல், பேச்சு மட்டும் நின்றுபோன தொலைபேசிபோல அது தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு நாட்கள் இப்படிக் கழிந்தன. அலிபிரி வழியே இரவில் மலைக்குப் போகும் பேருந்துகளின் ஓசையில் அவர் பதிவேடுகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலை நகரியிலிருந்து அழைப்பு வந்தது. ஆயாவின் பேரன். முந்தின இரவு ஆயா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னார். மாணவி அன்றே பேருந்து ஏறிப் புத்தூர் வழியாக நகரி சென்று, மாலையில் திரும்பினார். கிளம்பும்போது பேரன் வாசல்வரை வந்து கேட்டது ஒன்றுதான்: "ஆயா பேசினதெல்லாம் எழுதித் தரேன்னு சொல்லி இருந்தீங்களாமேக்கா. பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள கிடைக்குமா?" கிடைக்கும் என்று மாணவி சொன்னார். இம்முறை தவணை இருந்தது.

மறுநாள் ஆய்வகத்தில் அவர் மீண்டும் அதே தொங்கும் தொடர்பின் முன் அமர்ந்தார். நண்பகல்வரை பார்த்துக்கொண்டிருந்த பணியாளர் என்ன நடக்கிறது என்று விசாரித்தார். மாணவி சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த ஆயாவோட ஃபைல் மொத்தம் எத்தனைம்மா?" என்றார். நான்கு கோப்புகள். "பென் டிரைவ்ல எடுத்துனு போய் அந்த ரெண்டு மெஷின்லயும் போட்டா ஆவாதா?"

ஆகும். நான்கு நாட்களும் ஆகியிருக்கும். மூன்று கணினிகளும் ஒரே அறையில், இருபதடிக்குள் இருந்தன. மாணவிக்கு அந்தக் கேள்வி சுட்டது. ஆயா உயிரோடிருந்த நாட்களில் நான்கை அவர், ஒரு கோப்பு ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகப் போக வேண்டும் என்பதற்காகச் செலவிட்டிருந்தார். கொத்து அமைப்பது ஆய்வுக்குத் தேவை என்பது பொய்யன்று. எஞ்சிய எண்பது மணி நேரத்திற்கு அது தேவை. ஆனால் எது முதலில் என்ற கேள்வியை அவர் எந்த இடத்திலும் நின்று கேட்கவில்லை. அன்று பிற்பகல் ஆயாவின் குரல் பணியாளரின் சட்டைப் பையிலிருந்த பென் டிரைவில் ஏறி இருபதடி தூரத்தைக் கடந்தது. மாலைக்குள் இரு கணினிகளும் எழுத்தாக்கத் தொடங்கின.

பணியாளர் அன்று இன்னொன்றையும் கேட்டுவிட்டுப் போனார்: "சின்னது போவுது, பெரிசு போவல. எவ்வளவு பெரிசு வரைக்கும் போவுதுன்னு அளந்து பாத்தியாம்மா?"

அளக்கவில்லை. பிங் போகிறதா என்று மட்டுமே பார்த்திருந்தார். லினக்ஸில் வழக்கமாக அனுப்பப்படும் பிங் 56 பைட்டுச் சுமையே உடையது. இப்போது துண்டாக்கக் கூடாது என்ற குறிப்போடு அளவைக் கூட்டிக்கூட்டி அனுப்பினார். 1,400 போயிற்று. 1,472 போகவில்லை. பாதி பாதியாகக் குறைத்து நெருங்கினார். 1,422 போயிற்று. 1,423 போகவில்லை, மறுப்பும் வரவில்லை. இந்த எண்ணோடு தலைப்புகளுக்குரிய 28 பைட்டுகளைச் சேர்த்தால் 1,450.

விடை அந்த எண்ணிலேயே இருந்தது. ஈதர்நெட் வலையில் ஒரு செய்தியின் வழக்கமான உச்ச அளவு 1,500 பைட்டு. வி.எக்ஸ்.லேன் செய்தியை உறைக்குள் வைக்கும்போது உறைக்கும் எடை உண்டு: உள்ளிருக்கும் ஈதர்நெட் தலைப்பு 14, வி.எக்ஸ்.லேன் தலைப்பு 8, யு.டி.பி. தலைப்பு 8, வெளி ஐ.பி. தலைப்பு 20, ஆக 50. எனவே உறைக்குள் வைக்கத்தக்க செய்தி 1,450-ஐத் தாண்டக் கூடாது. ஃபிளானலுக்கு இது தெரியும்; அது தானே அமைக்கும் பிரிட்ஜில் கன்டெய்னர்களுக்கு 1,450 என்றே சொல்லும். ஆனால் இங்கே கன்டெய்னர்கள் 1,500 என்று நம்பிக்கொண்டிருந்தன. ஏனெனில் மாணவி முதல் நாளில் கையால் எழுதிய கோப்பு இன்னும் மூன்று கணினிகளிலும் இருந்தது. ஃபிளானலின் கோப்பு 10 என்று தொடங்குவது, அவருடையது 05. அந்தக் கோப்புறையில் பெயர் வரிசையில் முதலில் நிற்பதே ஆளும். ஃபிளானல் நிறுவப்பட்ட பின்பும் பழைய கோப்பே ஓசையின்றி ஆண்டது. இரண்டிலும் முகவரித்தொகுதிகள் ஒன்றாக இருந்ததால் சிறு செய்திகள் எல்லாம் சரியாகவே போயின. அது ஒருவேளை முற்றிலும் தவறாக இருந்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே அகப்பட்டிருக்கும்.

அப்படியும் ஒரு கேள்வி எஞ்சியது. செய்தி பெரிதாக இருந்தால், இது பெரிது, இந்த அளவில் அனுப்பு என்று கெர்னல் அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். அதற்கென்றே ஐ.சி.எம்.பி. என்னும் நெறிமுறையில் ஒரு செய்திவகை உண்டு. அது ஏன் வரவில்லை? அதற்கும் மாணவியே பொறுப்பு. பாதுகாப்புக்காக எங்கோ படித்த தடுப்பு விதிகளைத் தொடக்கத்திலேயே மூன்று கணினிகளிலும் இட்டிருந்தார். ஐ.சி.எம்.பி. வகையில் பிங்கைத் தவிர மற்றெல்லாவற்றையும் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் எறிந்துவிடு என்பது அவற்றுள் ஒன்று. பெரிது என்று சொல்ல வந்த செய்தி வாயிலிலேயே எறியப்பட்டது. பிங் மட்டும் விடப்பட்டதால், வலை நலமாக இருப்பதாகவே தோன்றிக்கொண்டிருந்தது.

பழைய கோப்புகளை நீக்கி, அவை கட்டிய பிரிட்ஜையும் அழித்து, கன்டெய்னர்களை மீண்டும் பிறப்பித்து, தடுப்பு விதியையும் எடுத்ததும் கொத்து ஓடத் தொடங்கியது. அது ஆயா மறைந்த ஏழாம் நாள். எஞ்சிய எண்பது மணி நேரமும் அந்தக் கொத்திலேயே எழுத்தாயின.

ஆயாவின் பக்கங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஆனால் அவை படிக்கும் நிலையில் இல்லை. ஒலியை முப்பது நொடித் துண்டுகளாகக் கையாளும் அந்த நிரல் ஒரு நேரத்தில் ஒரு மொழியையே எதிர்பார்க்கும். ஆயா ஒரு மூச்சில் இரண்டு மொழி பேசியவர். தமிழ் என்று சொல்லி ஓடவிட்டபோது தெலுங்குச் சொற்கள் உருக்குலைந்த தமிழாயின. தெலுங்கு என்று சொன்னபோது தமிழ் அழிந்தது. அலிபிரி என்ற ஊர்ப்பெயர் ஓரிடத்தில்கூடச் சரியாக விழவில்லை. அந்தப் பெயருக்கே உள்ளூரில் இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. அடிப்படி என்பது திரிந்தது என்பர் சிலர். அடிப்புளி என்பர் சிலர். திருமலை நம்பியிடம் இராமானுசர் இராமாயணம் கேட்டது இந்த அடிவாரத்துப் புளியமரத்தடியில் என்பது வைணவ மரபில் வழங்கும் செய்தி. இரண்டில் எதையும் ஒலிமாற்ற விதிகளால் நிறுவுவது எளிதன்று. ஆயா எதையும் நிறுவ முயலவில்லை. புளியமரத்தடியில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் படியேறினோம் என்று மட்டும் பதிவில் சொல்லியிருந்தார். மாணவி ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் திருத்தினார். நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் ஆயிற்று.

ஒன்பதாம் நாள், முதல் இருபது பக்கங்களைப் பேரனுக்குக் கைப்பேசியில் அனுப்பினார். சிறிது நேரத்தில் அழைப்பு வந்தது. பேரன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, எங்க யாருக்கும் தமிழ் எழுத்து படிக்க வராது. எல்லாம் தெலுங்கு மீடியம். அம்மாவுக்கும் வராது. தெலுங்கு எழுத்துல தர முடியுமா? பேச்சு ஆயா பேசினதாவே இருக்கட்டும்."

எல்லைத் தமிழை ஆராய்பவருக்கு இது தெரியாத செய்தியன்று. ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் இதைப் பற்றி ஒரு பகுதியே எழுதியிருந்தார். இருந்தும், அந்தப் பக்கங்களை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தபோதெல்லாம் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களையே நினைத்திருந்தார்.

எழுத்துமாற்றத்திற்கு நிரல்கள் உண்டு; தமிழிலிருந்து தெலுங்குக்கு நொடியில் மாற்றித் தரும். எ, ஏ, ஒ, ஓ என்னும் வேறுபாடு இரு எழுத்துமுறைகளிலும் உண்டு என்பதால் உயிரெழுத்துகளில் சிக்கலில்லை. சிக்கல் மெய்களில். தமிழில் ககரம் ஒன்றே. மகன் என்பதில் ஒலிப்புடையது, கல் என்பதில் ஒலிப்பற்றது. இடம் பார்த்துத் தமிழர் தாமே அறிந்து ஒலிப்பர். தெலுங்கில் அவ்விடத்துக்கு நான்கு எழுத்துகள். எது என்று எழுதியே ஆக வேண்டும். நிரல் எல்லாவற்றையும் ஒலிப்பற்றதாகவே எழுதியது. அந்தப் பக்கத்தை ஒருவர் வாய்விட்டுப் படித்தால் ஆயாவின் குரலாக இராது. தமிழைக் கண்ணால் மட்டும் கற்ற அயலார் ஒருவரின் குரலாக இருக்கும். ழகரத்துக்கு இன்றைய தெலுங்கில் எழுத்தில்லை; ஆயா அதை ளகரமாகவே பலுக்கியதால் அங்கே தொல்லை குறைந்தது. சொல்லிடை வல்லினங்களுக்கும் மெல்லினத்தை அடுத்த வல்லினங்களுக்கும் விதியெழுதி மாணவி நிரலைத் திருத்தினார். விதிக்குள் அடங்காத கடன்சொற்களைக் கையால் திருத்தினார். பணியாளர் மாலைகளில் அமர்ந்து உரக்கப் படித்துக் காட்டினார். தடுக்கிய இடங்களில் குறியிட்டார்கள்.

பதினொரு மணி நேரத்தில் ஏழு மணி நேரமே பதினாறாம் நாளுக்குள் முடிந்தது. அச்சிட்டு, கடையில் சுருள்கம்பியிட்டுக் கட்டி, மாணவி எடுத்துச் சென்றார். காரியம் முடிந்து பந்தலில் உறவினர்கள் உட்கார்ந்திருந்தபோது ஆயாவின் மகள் பேரனைப் படிக்கச் சொன்னார். பேரன் மலையேறிய கதையிலிருந்து தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல்லில் நின்றார். அது தறியில் ஒரு சிறு உறுப்பின் பெயர், இளையவர்களுக்குத் தெரியவில்லை. திண்ணையில் இருந்த முதியவர் ஒருவர் அது எது என்று கையால் காட்டினார். மாணவி ஒலிப்பதிவில் மூன்று முறை கேட்டும் பிடிபடாமல் ஐயக்குறி இட்டிருந்த சொல் அது. ஐயக்குறியை அங்கேயே அடித்தார். எஞ்சிய நான்கு மணி நேரத்தை ஆடி மாதத்திற்குள் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார், தந்தார்.

இந்த வேலையில் இறங்கும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள். பிங் போவதைக் கொண்டு வலை சரி என்று முடிவு செய்ய வேண்டாம். துண்டாக்கத் தடையிட்டு, அளவைக் கூட்டி அளந்து பாருங்கள். உறையிடும் வலையாயின் உறையின் 50 பைட்டைக் கழித்தே உள்ளளவை வையுங்கள். அமைப்புக் கோப்புறையில் பழைய சோதனைக் கோப்பு ஏதும் எஞ்சியுள்ளதா என்று ஒவ்வொரு கணினியிலும் பாருங்கள். பெயர் வரிசையில் முதலில் நிற்பது எது என்றும் பாருங்கள். ஐ.சி.எம்.பி. செய்திகளைக் கண்மூடித்தனமாக எறியாதீர்கள். தொலைவிலிருந்தபடி வலையட்டையைப் பிரிட்ஜில் செருகாதீர்கள். ஒரே அறையில் இருக்கும் கணினிகளுக்கு இடையே பென் டிரைவ் இன்னும் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

களப்பணிக்குச் செல்பவர்களுக்கு ஒரே குறிப்பு. எழுதித் தருவதாக வாக்களித்தால், எந்த எழுத்தில் என்று முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.